தோண்டத் தோண்ட உப்புத்தான்: நெடுந்தீவு பற்றி வாசகர் கேள்விகள்

நெடுந்தீவைப் பற்றிக் கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. அதில் வியப்பில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்பில், ஆறும் மலையும் இல்லாமல் தட்டையாகக் கிடக்கும் பவளக்கல் நிலம் அது. அங்கே எந்தக் கேள்வியைத் தொட்டாலும் கடைசியில் கிணற்றடியில்தான் போய் நிற்கும்.

எங்கள் ஐயாவின் வளவு நெடுந்தீவு மேற்கில் இருக்கிறது. கிணற்றில் முன்பு நல்ல தண்ணீர். இப்போது தேத்தண்ணி போட்டால் வாயில் வைக்க முடியவில்லை. இன்னும் பத்தடி இறக்கினால் நல்ல ஊற்றுக் கிடைக்கும் என்கிறார் கிணறு வெட்டுபவர். இறக்கலாமா? (சி. ப., ரொறன்ரோ)

இறக்க வேண்டாம். குடாநாட்டின் நடுப்பகுதியில் சரியாக இருக்கக்கூடிய யோசனை, தீவில் கிணற்றையே கெடுத்துவிடும்.

நெடுந்தீவில் நிலத்தடி நல்ல தண்ணீர் என்பது மாரி மழை கல்லுக்குள் இறங்கிச் சேர்ந்தது மட்டுமே. அதற்குக் கீழே கடல்நீர் இருக்கிறது. கடல்நீர் கனமானது, நல்ல நீர் இலேசானது. அதனால் பாலின் மேல் ஆடை படிந்ததுபோல நல்ல நீர் மேலே தங்கி நிற்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நல்ல நீர் நின்றால் கீழே நாற்பது பங்கு ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: கிணற்று நீர்மட்டத்தைப் பத்து சென்ரிமீற்றர் தாழ்த்தி அப்படியே வைத்திருந்தால், கீழே இருக்கும் உப்புநீர் நான்கு மீற்றர் வரை மேலே ஏறப் பார்க்கும். பத்தடி தோண்டுகிறவர் அந்த உப்பை நோக்கியே கிணற்றைக் கொண்டுபோகிறார். நல்ல நீர் அவர் தலைக்கு மேலே நிற்கிறது.

முதலில் ஊரில் இருக்கும் உறவினரை வைத்து ஒரு சோதனை செய்து பாருங்கள். சிறு போத்தல் ஒன்றில் கல்லைக் கட்டி, மூடியில் தனி நூல் வைத்து, மூடியபடியே கிணற்றுக்குள் இறக்க வேண்டும். வேண்டிய ஆழம் வந்ததும் மூடியை இழுத்தால் அந்த இடத்துத் தண்ணீர் நிறையும். மேல்மட்டம், நடு, அடி என மூன்று போத்தல் எடுத்து, கையடக்க உப்புமானியால் அளக்கவும். அடி மட்டும் உப்பாக இருந்தால் கிணறு தேவைக்கு மேல் ஆழம், அல்லது இழுவை அதிகம். மூன்றும் ஒரே அளவு உப்பாக இருந்தால் அந்த இடத்தில் ஆடை கிழிந்துவிட்டது. அது ஒரு நல்ல மாரி கழிந்தபின் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், இறைப்பதற்கு முன் விடியற்காலையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். கரையோரக் கிணறுகளில் கடல் வற்றுப்பெருக்கோடு நீர்மட்டமும் அசையும்.

எத்தனை சிறிய கலப்பு ஒரு கிணற்றைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடல்நீரில் ஒரு லீற்றருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைட்டு இருக்கிறது. 250 மில்லிகிராம் அளவிலேயே நாக்கு உப்பை உணரத் தொடங்கும். ஆக நூறு வாளி நல்ல தண்ணீரில் இரண்டு வாளி கடல் கலந்தாலே போதும், தேத்தண்ணி போய்விட்டது.

உங்கள் கிணறு கெட்டதற்குக் காரணம் மோட்டராக இருக்கும் என்பதே எங்கள் ஊகம். ஐந்தடி விட்டமுள்ள கிணற்றில் பத்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஏறக்குறைய 180 லீற்றர் தண்ணீர் நிற்கும். 1,000 லீற்றர் தாங்கியை ஒரே மூச்சில் நிரப்பினால், ஊற்றைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், மட்டம் அரை மீற்றருக்கு மேல் இறங்குகிறது. அந்த ஆயிரம் லீற்றரையே துலாவிலும் வாளியிலும் காலை, மதியம், மாலை என்று அள்ளினால் ஊற்று இடையில் ஈடுசெய்துகொள்ளும். பழைய ஆட்கள் இயந்திரம் இல்லாததால் மட்டும் வாளியால் இறைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மோட்டர் வேண்டும் என்றால் மிகச் சிறியதாக வாங்கி, உறிஞ்சு குழாயின் வாயை அடியில் போடாமல் நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே மிதவையில் கட்டித் தொங்கவிடுங்கள். பத்து நிமிடம் ஓடினால் ஒரு மணி நேரம் ஓய்வு.

ஏற்கெனவே யாராவது ஆழமாக்கிய கிணறு என்றால், அடிப்பகுதியைக் கழுவிய கல்லும் மணலும் போட்டு உயர்த்துவது நல்லது. தண்ணீர் போதவில்லை என்றால் ஆழத்துக்குப் போகாமல் பக்கத்துக்குப் போக வேண்டும்: வளவு பெரிதாயின் முப்பது மீற்றர் இடைவிட்டு இன்னொரு ஆழமற்ற கிணறு. இரண்டிலும் பாதிப் பாதி எடுத்தால் இரண்டும் பிழைக்கும்.

மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். பவளக்கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய. மண் வடிகட்டும் என்று நம்பியிருக்கும் இடத்தில் அங்கே மண்ணே ஓரடிதான். வழக்கமாகச் சொல்லும் ஐம்பதடி இடைவெளி இங்கே போதாது. நூறடியாவது விடுங்கள். முடிந்தால் அடி பூசிய, கசியாத தாங்கியாகவே கட்டுங்கள்.

உவர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உப்பு இறங்குமா? வடிகட்டிப் பானை வாங்கலாமா? (ந. ம., வவுனியா)

இரண்டும் உதவாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நின்று இன்னும் தடிக்கும். கரியும் மணலும் உள்ள வடிகட்டிகள் கலங்கலையும் வாடையையும் எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. அதற்கு அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளும் நிலையம் வேண்டும். அப்படிச் சுத்திகரித்த தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, குளிக்கவும் தோய்க்கவும் கிணற்று நீரைப் பாவிப்பதுதான் தீவில் நடைமுறை. வீட்டில் சிறு இயந்திரம் வைப்பவர்கள் அதிலிருந்து வெளியேறும் கழிவுநீர் உள்ளே போன தண்ணீரைவிட உப்பானது என்பதை மறந்து, அதைக் கிணற்றடி வாழைக்கு விடுகிறார்கள். வாழையும் போகும், கிணறும் போகும்.

மழைநீர்த் தாங்கி கட்ட நினைக்கிறோம். எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும்? (வே. த., காரைநகர்)

கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழைக்கு 5,000 லீற்றர். தெறிப்பு, கசிவு, முதல் கழுவல் எல்லாம் கழித்து 4,000 என்று வையுங்கள். கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்தால் ஒரு மாதத்துக்குள்ளேயே அவ்வளவும் வந்துவிடும்.

செலவு: நாலு பேர் குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லீற்றர் என்றால் நாளுக்கு 20. ஆறு மாத வறட்சிக்கு 3,600. ஆகவே 5,000 லீற்றர் தாங்கி தாராளம். காசு இருந்தால் 8,000. அதற்கு மேல் பெரிதாக்குவதைவிடப் பீலிக்குச் செலவிடுங்கள். தாங்கி பெரிதாகவும் பீலி வாய் பிளந்தும் இருக்கும் வீடுகள் ஏராளம்.

முதல் மழையைத் தாங்கிக்குள் விடக்கூடாது. 50 சதுர மீற்றர் கூரைக்கு ஐம்பது லீற்றர் வரை வெளியே போகட்டும். அதில்தான் காக்கை எச்சமும், கோடை முழுவதும் காற்றில் வந்து படிந்த உப்புத்தூளும் இருக்கும். கடலோர வீடுகளில் "மழைத் தண்ணீரும் உப்பு" என்று முறைப்பாடு வருவது இதனால்தான். தாங்கி மூடியில் வெளிச்சம் உள்ளே போகும் இடைவெளி இருந்தால் பாசி, நுளம்பு போகும் இடைவெளி இருந்தால் டெங்கு. ஓலைக் கூரைத் தண்ணீர் நிறம் இறங்கும், குடிக்க உகந்ததல்ல.

பாட்டனார் காலத்துக் கல்வேலி முப்பதடி நீளத்துக்கு விழுந்துவிட்டது. மேசன், சீமெந்து வைத்துக் கட்டினால் இனி விழாது என்கிறார். (அ. யோ., கோப்பாய்)

மேசன் சொல்வதில் பாதி உண்மை. சீமெந்து வேலி கல் கல்லாக விழாது. விழும்போது மொத்தமாக விழும்.

நெடுந்தீவில் கல்வேலிகள் சாந்தே இல்லாமல் அடுக்கப்பட்டவை. காணியைத் திருத்தும்போது கிளம்பிய பவளக்கல்லை ஓரத்தில் அடுக்கினார்கள். நிலமும் துப்புரவானது, ஆடு மாட்டுக்கு மறிப்பும் ஆயிற்று. அந்த வேலியின் இடுக்குகளூடாகச் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வடிந்து போகும், மாரி வெள்ளமும் தேங்காமல் ஓடும். இடுக்கைப் பூசி அடைத்தால் காற்று முழு வேகத்தில் வேலியை அடிக்கும், மேலால் ஏறி உள்ளே சுழன்று விழும். ஒரு பக்கம் வெள்ளம் கட்டி அடிவாரத்தை அரிக்கும். போதாததற்கு, பவளக்கல் உப்பைக் குடித்து வைத்திருக்கும் கல். சாந்து அதில் ஒட்டினாலும் உள்ளே உப்பு பூத்துச் சில ஆண்டுகளில் பூச்சை உரித்துத் தள்ளும். கம்பி வைத்தீர்களென்றால் கறள் பிடித்துக் கல்லையே வெடிக்கச் செய்யும்.

திரும்ப அடுக்குவதுதான் வழி. விழுந்த இடத்தோடு நிற்காமல் இரு பக்கமும் மூன்று மூன்றடி பிரித்தெடுக்க வேண்டும். புடைத்து நிற்கும் பகுதியைத் தள்ளி நிமிர்த்த முடியாது. பிரிக்கும்போதே கல்லை நாலு வரிசையாகப் பிரித்துப் போடுங்கள்: அடிக்கல், முகக்கல், உள்ளே நிரப்பும் சல்லி, தலைக்கல். இந்த ஒரு மணி நேரச் சோம்பல்தான் பிறகு அரை நாளைத் தின்னும். இடுக்கில் கையை விடாதீர்கள். அலவாங்கால் நெம்பிப் புரட்டிய பிறகே தூக்குங்கள், சுருட்டை விரியனுக்கு அதைவிட நல்ல இருப்பிடம் கிடையாது.

நாலடி உயர வேலிக்கு அடி அகலம் இரண்டடி, தலை அகலம் ஓரடி. மேல்மண்ணை வழித்து, கெட்டிக் கல் தட்டுப்படும்வரை போய் அங்கே மிகப் பெரிய கற்களை வையுங்கள். பிறகு இரண்டு முகமாக எழுப்ப வேண்டும். இரண்டும் சற்றே உள்நோக்கிச் சாய வேண்டும். ஒவ்வொரு கல்லும் அதன் நீளப்பக்கம் வேலிக்குள்ளே போகும்படி கிடக்க வேண்டும். வெளியே அழகாகத் தெரியட்டும் என்று நீளத்தை முகத்தில் காட்டி வைப்பதுதான் புதிதாக அடுக்குபவர் எல்லாரும் செய்யும் பிழை. கீழ் வரிசையில் இரண்டு கல் சேரும் இடத்தின் மேல் அடுத்த கல்லின் நடு வர வேண்டும். இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் மேலேறினால் அந்தக் கோட்டில்தான் வேலி பிளக்கும். இரண்டடி உயரம் வந்ததும் மூன்றடிக்கு ஒன்றாக, இரு முகத்தையும் பிடித்துக்கொள்ளும் நீளமான கட்டுக்கல் போடுங்கள். நடுவை ஒவ்வொரு வரிசைக்கும் சல்லியால் கையால் இறுக்கி நிரப்ப வேண்டும். மண்ணைக் கொட்டி நிரப்பினால் முதல் மாரியிலேயே மண் கரைந்து இறங்கி வேலி வயிறு தள்ளும். தலைக்கல் கனமாக இருக்கட்டும், ஆடு ஏறினாலும் அசையாதபடி.

இந்த அளவில் ஓரடி நீளத்துக்குக் கிட்டத்தட்ட ஆறு கன அடி கல் வேண்டும். பழைய கல்லே பெரும்பாலும் போதும். குறைந்தால் காணிக்குள் பொறுக்குங்கள். கடலிலிருந்து பவளக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். அலை ஏறும் மேல் எல்லையிலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை கரையோர வலயம் என்பதால் கரையில் கிடப்பதையும் கேளாமல் அள்ள முடியாது. பழகிய இருவர் ஒரு நாளில் எட்டு முதல் பத்தடி அடுக்குவார்கள். உங்கள் முப்பதடிக்கு, பிரிப்பையும் சேர்த்து ஐந்து நாள் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவில் காட்டும் "வளரும் கல்" உண்மையிலேயே வளருகிறதா? அந்தப் பெரிய பாதச்சுவடு யாருடையது? (பள்ளி மாணவி, மட்டக்களப்பு)

கடலுக்குள் உயிரோடு இருக்கும் பவளம் வளரும். தரையில் இருப்பது செத்துக் கல்லாகிப் பன்னெடுங்காலம் ஆனது, அது வளர வழியில்லை. சுற்றியுள்ள மண் அரிபட்டுப் போனால் கல் உயர்ந்ததுபோலத் தெரியும். பாதச்சுவடு போன்ற பள்ளங்கள் சுண்ணக்கல்லை மழைநீர் கரைத்து உண்டாவது வழக்கம். ஊரார் சொல்லும் கதைகளையும் கேட்டு எழுதி வையுங்கள். கல்வேலிக் கல் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பூப்போலக் கோடு ஓடும் பவளத்தின் வரி அப்படியே தெரியும். அது எந்தச் சுவடுக்கும் குறைந்த அதிசயமல்ல.

நாற்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் பயணமாகப் போய்வர நினைக்கிறேன். எப்படித் திட்டமிடுவது? (ஆசிரியர், கண்டி)

முதல் நாளிரவு யாழ்ப்பாணத்தில் தங்குங்கள். கண்டியிலிருந்து நேரே ஓடி வந்து காலைப் படகைப் பிடிக்கும் திட்டம் வேண்டாம். யாழ் நகரிலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறைக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று படகுகள் இருந்தாலும், எது ஓடும், எத்தனை மணிக்கு என்பது பழுதையும் காற்றையும் பொறுத்தது. முதல் நாள் மாலை இறங்குதுறையில் அல்லது பிரதேச செயலகத்தில் விசாரித்து உறுதிசெய்யுங்கள். ஊராருக்கு அந்தப் படகுதான் வைத்தியசாலைக்கும் வங்கிக்கும் போகும் வழி. நாற்பது பேர் முன்னறிவிப்பில்லாமல் ஏறினால் அவர்களில் நாற்பது பேர் கரையில் நிற்பார்கள்.

மாதம் என்றால் மாசி, பங்குனி. மாரி முடிந்து புல் பச்சையாக இருக்கும், கடல் அமைதி. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை சோளகம் அடிக்கும். படகு ஓடினாலும் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். நடுப்பகுதியில், காற்று வரும் இடத்தில் உட்கார வைத்து, கண்ணை அடிவானத்தில் வைக்கச் சொல்லுங்கள். கீழ்த்தட்டில் எண்ணெய்ப் புகை அடிக்கும். உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும் இருக்கிறதா என்று ஏறும் முன் எண்ணுங்கள், ஏறிய பின் அல்ல. கார்த்திகை, மார்கழியில் ஒருநாள் பயணம் வைப்பது வீண் துணிச்சல்.

தீவில் நடந்து சுற்ற முடியாது. நீளம் எட்டுக் கிலோமீற்றருக்குக் கிட்ட, தென்பகுதிப் புல்வெளியில் ஒதுங்க நிழல் கிடையாது. லான்ட்மாஸ்ரர் (இரு சக்கர உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டியோ சிறு பேருந்தோ முன்கூட்டி ஒழுங்குசெய்யுங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். தீவில் வாங்கிக்கொள்ளலாம் என்று போய் அவர்களுடைய தண்ணீரில் பங்கு கேட்க வேண்டாம். திரும்பும் படகுக்கு ஒரு மணி நேரம் முன் துறையில் நில்லுங்கள்.

இன்னொன்று. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன பொதுமக்கள் கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர் நினைவுகூர்கிறது. அந்நாளைச் சுற்றுலாவுக்குத் தேர்ந்துவிடாதீர்கள். மற்ற நாளில் போனாலும் படகின் பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

குதிரைகள் யாருக்குச் சொந்தம்? பாண், பழம் கொடுக்கலாமா? (ர. கு., சென்னை)

போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்கினார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் வரலாறு. ஆங்கிலேயர் காலத்திலும் தீவில் குதிரை வளர்ப்பு நடந்தது. வளர்ப்பைக் கைவிட்டபின் எஞ்சியவை தாமாகப் பெருகிக் காட்டுக் குதிரைகளாக அலைகின்றன. மட்டக்குதிரை அளவுதான். தீவுக்கு வெளியே கொண்டுபோகத் தடை உண்டு.

எதுவும் கொடுக்காதீர்கள். புல்லுக்குப் பழகிய குடலில் பாண் புளித்து வயிறு ஊதும், குதிரைக்கு வயிற்றுவலி உயிரைக் குடிக்கும் நோய். கொடுத்துப் பழக்கினால் வாகனத்தைக் கண்டதும் வீதிக்கு ஓடிவரும். அவற்றின் உண்மையான தேவை தீனியல்ல, தண்ணீர். ஒரு குதிரைக்கு வெயில் நாளில் முப்பது லீற்றர் அளவில் வேண்டும். ஆடி, ஆவணியில் குட்டைகள் வற்றும்போது மாட்டோடும் ஆட்டோடும் போட்டி போட்டு, மெலிந்து சாகின்றன. உதவ விரும்புவோர் தென்பகுதியில் தொட்டிகளுக்கு நீர் நிரப்பும் ஏற்பாட்டுக்குப் பிரதேச செயலகம் வழியாக உதவுங்கள். தொட்டி விளிம்பு தாழ்வாக, உள்ளே ஒரு பக்கம் சரிவாக இருக்க வேண்டும். நேர்ச்சுவர்த் தொட்டியில் குட்டி விழுந்தால் ஏற முடியாது. பார்க்கப் போவோர் விடியலிலோ வெயில் தாழ்ந்த பின்னோ போய், முப்பது மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள்.

நெடுந்தீவுப் பெருக்கமரத்தின் (பாவோபாப்) வயதென்ன? (மு. ச., மன்னார்)

உள்ளே கோறையான மரத்தில் வளையம் எண்ண முடியாது, சுற்றளவைப் பார்த்து வயது சொல்வதும் நம்பக்கூடியதல்ல. ஆபிரிக்க மரம், அரபு வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். உங்கள் ஊர் பள்ளிமுனையில் இதைவிடப் பெரியது நிற்கிறதே! அதையும் போய்ப் பாருங்கள். கோறைக்குள் பெயர் வெட்டும் கைகளை மட்டும் தடுத்துவிடுங்கள். மெத்தென்ற மரம், காயம் வழியே அழுகல் உள்ளே போகும்.

உப்புக்காற்றில் எந்த மரமும் வருவதில்லை. மா, பலா வைத்துப் பார்த்துவிட்டோம். (தெ. ஜெ., நெடுந்தீவு கிழக்கு)

மாவும் பலாவும் அங்கே வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காற்று வரும் பக்கம் முதலில் பனை, அதன் பின்னால் பூவரசும் வேம்பும், அவை தலையெடுத்த பிறகு உள்ளே முருங்கை, தேசி, மாதுளை. மறைப்பு வருவதற்கு முன் பழமரம் நடுவதால்தான் எல்லாம் கருகுகிறது. பூவரசைக் கைத்தடிமனான கம்பாக வெட்டி, ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் ஓரடி ஆழத்தில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். பழமரத்துக்கு இரண்டடிக்கு இரண்டடி கல்லை உடைத்துக் குழி எடுத்து, மாட்டெருவும் மக்கிய இலையும் பாதி, மண் பாதி நிரப்புங்கள். இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் தண்ணீர்க் குறையல்ல: சுண்ணக்கல் மண்ணில் இரும்பைச் செடி எடுக்க முடியாத நிலை. மேலும் எரு, மேலும் இலைமக்கு. முதல் இரண்டு கோடைக்கு அடியில் துளையிட்ட மண்பானையைச் செடியருகே புதைத்து, குளியல் தண்ணீரை அல்ல, நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். ஆட்டுக்கு முள் வளையம் கட்டாத கன்று ஆட்டுக்குத்தான்.

கடையில் வாங்கிய ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினேன், கைத்துப்போய்விட்டது. புழுக்கொடியல் மாவைப் போட்டிருக்க வேண்டுமா? (சா. இ., இலண்டன்)

இல்லை. கூழுக்கு ஒடியல் மாதான், நீங்கள் ஊறவைக்காமல் விட்டீர்கள்.

இரண்டும் ஒரே பனங்கிழங்கிலிருந்து வருபவை. ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தின் களி எடுத்த விதைகளைப் பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடிவிட்டால், மழை நீரிலேயே முளைத்துத் தை, மாசியில் கிழங்கு கிண்டலாம். பச்சைக் கிழங்கைத் தோல் உரித்து, இரண்டாகப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். முதலில் அவித்து, தோலும் நடுத் தும்பும் நீக்கிப் பிளந்து காயவைத்தால் புழுக்கொடியல். அது கையால் முறித்துத் தேங்காய்ச் சொட்டோடு அப்படியே தின்பதற்கு. அதன் மா கூழுக்குப் பசை கொடுக்காது. ஒடியலில் கைப்பு இருக்கும். அதைப் பச்சையாகத் தின்னக்கூடாது.

ஆறு பேருக்கு 250 கிராம் ஒடியல் மா போதும். நிறையத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் வையுங்கள். மா அடியில் படியும், மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். கைப்புக் கூடிய மா என்றால் மூன்று முறை. மூன்று லீற்றர் அளவு தண்ணீரில் ஒரு கைப்பிடி அரிசி, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை முதலில் வேகட்டும். பிறகு மீன்தலை, நண்டு, இறால். இவை வெந்தபின் அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும். மாவைக் கடைசியாக, கரைத்த நிலையில், கிளறிக்கொண்டே மெல்ல ஊற்றுங்கள். உலர்ந்த மாவைக் கொதியில் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே வேகாமலும் கைப்போடும் நிற்கும். ஊற்றிய பின் இருபது நிமிடமாவது குறைந்த நெருப்பில் கொதிக்க வேண்டும். அடி பிடிக்கும் என்று பயந்து ஐந்து நிமிடத்தில் இறக்குவதும் கைப்புக்குக் காரணம். இலண்டனில் பனையோலைப் பிளா கிடைக்காது, கோப்பையிலேயே குடியுங்கள்.

மீதி மாவைக் காற்றுப் புகாத போத்தலில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பூசண வாடை வந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள், கழுவி மீட்க முடியாது.